கோட்டுக்காரி

ஜனவரி 19, 2021, செவ்வாய்

இன்று எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்தார்கள். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்திருந்தது. நர்சிங் ஹோமில் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்குக் கொரோனா வந்து போயிருக்கிறது என்று பார்க்கிறார்களாம். விரலில் குத்தி ஒரு சொட்டு டெஸ்ட் கார்டுக்கு, முழங்கையில் குத்தி ஒரு குழாய் அவர்களுடைய பெரிய மிஷினுக்கு.

கார்டில் எனக்கு இரண்டு கோடு விழுந்தது. அக்டோபரில் இங்கே பில்லிங்கில் சேர்ந்தபோது எடுத்த டெஸ்டிலும் இரண்டு கோடுதான். ஒரு கோடு என்றால் ஒன்றும் இல்லை. இரண்டு கோடு என்றால் கிருமி வந்து, உடம்பு அதோடு சண்டை போட்டு ஜெயித்துவிட்டது, இனி வராது. இங்கே எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம்.

குழுவிலிருந்த பெண் டாக்டர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். "முன்னாடி டெங்கு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"2012-ல வந்துச்சு டாக்டர். அந்த வருசம் இந்த ஊர்ல யாருக்கு வரல?"

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

மத்தியானம் மேனேஜர் எல்லோரையும் ரிசப்ஷனில் கூட்டினார். முழுப்பெயர் குற்றாலநாதன், எங்களுக்கு நாதன் சார். பெரிய டாக்டருக்கு வயதாகிவிட்டதால் ஆஸ்பத்திரியை நடத்துவது இவர்தான். சனிக்கிழமையிலிருந்து அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடுகிறார்கள். அதைப் பற்றிப் பேசினார்.

"ஒத்தக் கோட்டுக்காரங்க எல்லாம் போய்ப் போட்டுக்கிடுங்க. ரெண்டு கோட்டுக்காரங்களுக்கு என்னத்துக்கு? நமக்கு நம்ம ஒடம்பே ஊசி போட்டுட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்டோபரிலிருந்து அவருடைய நகைச்சுவைக்குச் சிரித்துப் பழகியிருக்கிறேன். ஆவுடை சாவதற்கு முன் அவளும் இப்படித்தான் சிரித்திருப்பாள்.

ஆவுடை என் அக்கா. இங்கே ஸ்டாஃப் நர்ஸாக இருந்தாள். போன செப்டம்பரில் இதே கட்டடத்தின் மாடியில் இறந்தாள். அடுத்த மாதமே எனக்கு வேலை கொடுத்தார் நாதன் சார். ஊரில் அவரை நல்லவர் என்கிறார்கள்.


ஜனவரி 24, ஞாயிறு

காலையில் கொசு ஒழிப்புக்காரர்கள் வந்து தண்ணீர்த் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டிரம்மில் மருந்து ஊற்றினார்கள். "மூடி வைக்கணும்மா, மூடி வைக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா பீடி சுற்றிக்கொண்டே, "கொரோனாவுக்கும் டார்ச் அடிச்சுப் பாத்தா கொள்ளாம்" என்றாள்.

துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். நூலகத்தில் எடுத்த புத்தகம் பாதியில் கிடக்கிறது. பழிவாங்கும் கதை. நான் படித்த பழிவாங்கும் கதைகளில் எல்லாம் கத்தி இருக்கிறது, அல்லது நெருப்பு. பழிவாங்குகிறவர்களுக்கு நிறைய நேரமும் கைச்செலவுக்குக் காசும் இருக்கிறது. பில் போடும் பெண் யாரும் அந்தக் கதைகளில் இல்லை.

போன ஆகஸ்டில் நடந்ததை இதுவரை இங்கே எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். யாரோ ஒரு கம்பெனிக்காரர் நாதன் சாரிடம் அந்தக் கார்டுகளைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அப்போது கவச உடைக்குத் தட்டுப்பாடு. இரண்டு கோடு விழுந்தவர்களின் பெயர்களை நாதன் சார் நோட்டீஸ் போர்டில் எழுதினார். மேலே தலைப்பு: எதிர்ப்பு சக்தி உள்ளவர்கள். அவர்கள் மாடியில் கொரோனா வார்டுக்குப் போக வேண்டும், சாதாரண முகக்கவசம் போதும். மற்றவர்கள் கீழே.

அன்று சாயங்காலம் ஆவுடை போனில் ஒரே சிரிப்பு. "ஏட்டி உலகு, நான் கோட்டுக்காரி ஆயிட்டேன். ரெண்டு கோட்டுக்காரி!"

"நீ பொறந்ததுலேர்ந்தே கோட்டிக்காரிதான" என்றேன். எங்கள் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம். அதற்கும் சிரித்தாள்.

மூன்று வாரத்தில் அவளுக்கே மூச்சு முட்டியது.

நாதன் சார் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றே அம்மாவிடம் சொன்னார். "எதிர்ப்பு சக்தி இருந்த பிள்ளம்மா. மாஸ்க்கைக் கழட்டிட்டு எல்லார் கூடயும் உக்காந்து சாப்பிட்டிருக்கா. அஜாக்கிரதை." அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். நாலு மாதமாக ஆவுடை மேல் கோபம். "எதுலயும் அவளுக்கு அவசரம்" என்கிறாள். இறந்த மகள் மேல் இருக்கும் கோபத்தில் அம்மா இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஆவுடை முகக்கவசத்தைக் கழற்றுகிறவள் இல்லை. வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். இதை அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அப்போ பின்ன எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறாள்.


பிப்ரவரி 3, புதன்

பதில் இன்று போனில் வந்தது.

"உலகேஸ்வரியா? சர்வே டீம்லேர்ந்து பேசறேன். உங்க ரத்தம் மெஷின்ல நெகட்டிவ்."

"கார்டுல ரெண்டு கோடு விழுந்துச்சே டாக்டர்."

"அதான் விஷயம். உங்க ஆஸ்பத்திரியில ரெண்டு கோடு வந்தவங்கள்ல பாதிக்கு மேல மெஷின்ல ஒண்ணுமே இல்ல. அவங்க எல்லாருமே டெங்கு வந்தவங்க. டெங்குவுக்காக உடம்புல உண்டான ஆன்டிபாடி இந்தக் கார்டுல போய் ஒட்டிக்குது. கார்டு ஏமாந்துடுது."

"அப்போ எங்களுக்குக் கொரோனா வரவே இல்லையா?"

"வராமயே இருந்திருக்கலாம். ஒவ்வொருத்தருக்கா உறுதியா சொல்ல முடியாது. ஆனா கார்டை நம்பி யாரும் தைரியமா இருந்துடக் கூடாது. எல்லாரையும் ஊசி போட்டுக்கச் சொல்லுங்க. எழுத்துல ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும். உங்க மேனேஜருக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்கறார். நீங்க சொல்லிடுறீங்களா?"

"சொல்லிடுறேன்" என்றேன்.

போனை வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் நின்றார். "ஏம்மா, இதுல ஸ்கேனும் சேத்தியா?" சேர்த்துத்தான் என்று சொல்லி பில்லை நீட்டினேன். அடுத்த ஆள் வந்தார். அவருக்கும் போட்டேன்.

ஆவுடைக்கும் எனக்கும் ஒரே வாரத்தில்தான் டெங்கு வந்தது. ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்துக் கிடந்தோம்.


பிப்ரவரி 4, வியாழன்

ஆன்டிபாடிக்குப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று இருக்கிறது. பழைய சண்டையின் மிச்சம் அது. அடுத்த சண்டையில் ஜெயிப்போம் என்று அது சத்தியம் செய்து தரவில்லை. அதைத்தான் நாதன் சார் எதிர்ப்பு சக்தி என்று தமிழாக்கி போர்டில் எழுதினார். அதிலும் அது வேறு ஒரு சண்டையின் மிச்சம். கொசு போட்ட கோட்டை நம்பி என் அக்காவைத் துணி மாஸ்க்கோடு மாடிக்கு அனுப்பினார். பிறகு பழியை அவள் மேலேயே போட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் மடியிலிருந்த பீடி இலைச் சொளவைத் தள்ளிவிட்டு அழுதாள். செப்டம்பரில் அழ வேண்டிய அழுகை. "என் தங்கமே, ஒன்னயப் போயி ஏசினேனே" என்று தரையில் அடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து தெருவுக்குப் போய், ஒரு கை மண்ணை அள்ளி ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் வீசினாள்.

"அவனுக்கும் இதே மாதிரி மூச்சு முட்டணும். எம் பிள்ள கெடந்த அதே மாடியில கெடக்கணும்."

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நான் அம்மாவை உள்ளே கூட்டிவந்தேன்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நாதன் சாருக்கும் இரண்டு கோடு. நாதன் சாருக்கும் 2012-ல் டெங்கு.


பிப்ரவரி 9, செவ்வாய்

கோட்டுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தனித்தனியாகச் சொன்னேன். சமையல்கட்டில் ஒருத்தியிடம், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒருவரிடம். சாருக்குத் தெரிந்தால் சத்தம் போடுவார், பேசாமல் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவரோடு யாருக்கும் வாய்கொடுக்கப் பிரியமில்லை. சரி சரி என்றார்கள்.

ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை.

லேப் ஹமீதாதான் அந்தக் கார்டுகளை எல்லாம் போட்டவள். அவளிடம் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லாஹ். ஆவுடைக்கும் நான்தானட்டி போட்டேன்."

"நீ என்ன செய்வ. கார்டு காட்டுனத நீ சொன்ன."

பிறகு கேட்டாள்: "சார்ட்ட சொல்லிட்டியா? அவருக்கும் ரெண்டு கோடுல்லா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"கேக்க மாட்டேங்காரு."

"அந்த மனுசன் யாரு சொல்லித்தான் கேட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு ஹமீதா குழாய்களைக் கழுவப் போனாள்.

இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வரிதான். சாயங்காலம் வரும் வழியில் மல்லி வாங்கி ஆவுடை படத்துக்குப் போட்டேன். மீன்காரி வராததால் ரசம்.


பிப்ரவரி 13, சனி

ஊசி போட்டாயிற்று. கை வலிக்கிறது. ராத்திரி காய்ச்சல் வரும் என்றார்கள். வரட்டும்.


மார்ச் 17, புதன்

நேற்று இரண்டாவது ஊசி. இன்று கை வீக்கத்தை நாதன் சார் பார்த்துவிட்டார்.

"ஏம்மா உலகு, கோட்டுக்காரிக்கு எதுக்கு ஊசி? கவர்மெண்ட் ஓசியா குடுத்தா எதையும் போட்டுக்கிடுவியா?"

"அம்மா ஏசுனா சார். அதான்."

சிரித்தார். மேசைமேல் ஒரு பொட்டலம் வைத்தார். கோயில் பிரசாதம், புளியோதரை. வெள்ளி செவ்வாயில் யாருக்காவது இப்படிக் கொண்டுவந்து கொடுப்பார். இன்று புதன்கிழமை எனக்கென்று எடுத்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். போகாமல் நின்றார்.

"எங்க வீட்டுலயும் சொல்லுதா, ஊசி போடுங்க போடுங்கன்னு. பகவதிக்கு டிவி பாத்துப் பாத்துப் பயம். நான் பிளேட்லெட் பதினேழாயிரத்துக்கு எறங்கி, பப்பாளி எலைச் சாறு குடிச்சு எந்திரிச்சவன். இது என்ன செஞ்சிரும்?" குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "நீ நாலு புஸ்தகம் படிக்கிற பிள்ளல்லா. நெசமாச் சொல்லு. நான் போடணுமா?"

இந்த ஆஸ்பத்திரியில் அவர் யாரிடமும் யோசனை கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் கேட்டார். முகத்தில் உண்மையான சந்தேகம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாளைக் காலையிலேயே போய் வரிசையில் நின்றிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஒங்களுக்குத்தான் எதிர்ப்பு சக்தி இருக்கே சார்."

அவருடைய சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். நான் சொந்தமாக எதுவும் சேர்க்கவில்லை.

"அதான! நானும் அதத்தான் சொல்லுதேன்" என்று போய்விட்டார்.

புளியோதரையைச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.


ஏப்ரல் 14, புதன்

சித்திரைப் பிறப்பு. லீவு கிடையாது. மாடி வார்டு மறுபடி நிறைந்துவிட்டது. அம்மா பாயசம் வைத்துத் தூக்குவாளியில் கொடுத்துவிட்டாள். ஹமீதாவும் நானும் லேபின் பின்வாசலில் உட்கார்ந்து குடித்தோம். அவளுக்கு இன்று முதல் நோன்பு என்பது பாதி டம்ளருக்குப் பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. "மறந்து குடிச்சா பாவமில்ல" என்று துப்பட்டாவில் வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியை என் டம்ளரில் ஊற்றினாள்.

நாதன் சார் எங்களைக் கடந்து மாடிப்படி ஏறினார். துணி மாஸ்க். புது நர்ஸ்கள் உள்ளே போகப் பயப்படுகிறார்களாம். "நானே வாரேன் பாருங்க" என்று தினம் ஒரு சுற்று போகிறார்.

"பாவம், போன வருசமும் இப்படித்தான்" என்றாள் ஹமீதா.

"போன வருசமா?"

"ஒனக்குத் தெரியாதா? ஆவுடை கூடயே ரவுண்டு போவாருல்லா. அவ மூச்சுக்கு இழுத்துட்டுக் கெடந்தப்பயும் பக்கத்துல நின்னாரு. அதே துணி மாஸ்க்குதான். ரெண்டு கோடுன்னு அம்புட்டு நம்பிக்கை."

நான் தூக்குவாளியைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். இதை அவள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

நம்பியிருக்கட்டும். வீட்டு வாசலில் நின்று அஜாக்கிரதை என்று சொன்னாரே, அதையும் நம்பித்தான் சொன்னாரா?


ஏப்ரல் 29, வியாழன்

இன்றும் சொல்லலாம். இன்றும் சொல்லவில்லை.


மே 8, சனி

நாதன் சார் வரவில்லை. காய்ச்சலாம். திங்கட்கிழமையிலிருந்து முழு ஊரடங்கு. அரிசியும் பருப்பும் வாங்கி வைத்தேன். கடையில் கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் ஏறுகிறது.


மே 13, வியாழன்

அவரை நேற்று மாடியில் சேர்த்தார்கள். ஆக்சிஜன் போகிறது.

அவருடைய மனைவி இன்று என்னைக் கூப்பிட்டார். பகவதி அக்காவை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் லேசாகக் காய்ச்சல், வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர்கள் ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். நர்ஸ்களுக்கு ஆளுக்கு இருபது நோயாளி.

"உலகு, ஒனக்கும் ரெண்டு கோடுல்லா? ஒன்னய ஒண்ணும் செய்யாதுன்னு அவரு சொன்னாரு. ஒரு தடவ போயிப் பாரும்மா. ஒரு வாய் கஞ்சி குடிச்சாரான்னு பாரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

சரி அக்கா என்றேன்.

அவரிடம் சொல்ல நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருக்கிறேன். பிப்ரவரியிலிருந்து வைத்திருக்கிறேன். எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று பில் போடும்போதும் துணி துவைக்கும்போதும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன்.


மே 15, சனி

மத்தியானம் போனேன். ஆவுடைக்குக் கொடுக்காத கவச உடை இப்போது தாராளமாக இருக்கிறது. இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் திரை, கையுறை. உள்ளே வியர்வை ஊற்றியது.

ஜன்னலோரக் கட்டில். நாதன் சார் பாதியாகியிருந்தார். மூக்கையும் வாயையும் மூடிய குழாய் மாஸ்க்கில் ஆக்சிஜன் சீறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்களிலும் அதே சீறல். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. உடையின் நெஞ்சில் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கண்ணால் சிரித்தார்.

குனிந்து சொன்னேன். "சார், ஒங்களுக்கு விழுந்தது டெங்குக் கோடு. ஆவுடைக்கும் அதான். எதிர்ப்பு சக்தி ரெண்டு பேருக்குமே இருந்ததில்ல. எனக்கு பிப்ரவரியிலயே தெரியும்."

நான் நினைத்திருந்தது போலவே, ஒரு சொல்லும் மாறாமல் வந்தது.

அவர் நெற்றியைச் சுருக்கினார். காதருகே கையைக் கொண்டுபோனார். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"ஆமாமா... எதிர்ப்பு சக்தி... இருக்கு. வந்துருவேன். பகவதிட்ட... சொல்லு."

அவருக்குக் கேட்டது அந்த ஒரு சொல் மட்டும்தான். அவருடைய சொல்.

திரையை உயர்த்திவிட்டு இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கஞ்சி டம்ளரை எடுத்தேன். "ரெண்டு வாய் குடிங்க சார்" என்றேன். மூன்று வாய் குடித்தார்.

வெளியே வந்து உடையைக் கழற்றியபோது பிளவுஸ் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பகவதி அக்காவுக்குப் போன் செய்து, மூணு வாய் குடிச்சாரு என்றேன்.


மே 18, செவ்வாய்

விடியற்காலையில் நாதன் சார் இறந்தார்.


மே 23, ஞாயிறு

அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. இரண்டு நாளாகப் பாட்டு முணுமுணுக்கிறாள். "சாமி கண்ணு தொறந்துட்டு. நான் கேட்டது ஒண்ணு விடாம நடத்திட்டு. அதே மாடி பாத்தியா?" கோயில் திறந்ததும் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரியிடமும் சொல்லிவிட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் யாரோ கொண்டாடும் விசேஷத்துக்குப் போய் இலையில் உட்கார்ந்தது போல இருக்கிறது. சாமிக்குப் பொங்கல் வைக்கிறார்கள். செய்தது நான்.


ஜூன் 13, ஞாயிறு

பகவதி அக்கா வரச்சொல்லியிருந்தார். காய்ச்சல் குணமாகி உடம்பு தேறிவிட்டது. டீ கொடுத்தார். நாதன் சாரின் சட்டைகளை யாருக்கோ கொடுப்பதற்காக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் அடித்து அடித்து மடித்தார்.

"ஹமீதா வந்திருந்தா. எல்லாம் சொன்னா. அந்தக் கோடு டெங்குக் கோடுன்னு நீ பிப்ரவரியிலயே இந்த மனுசன்ட்ட சொன்னியாமே?"

நான் டீயை ஒரு வாய் குடித்தேன்.

"நானும் எத்தன தடவ சொன்னேன். படிச்ச பிள்ள நீயும் சொல்லியிருக்க. கேட்டாராம்மா? அஜாக்கிரதை. திமிரு. வேற என்ன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம மறைச்சிட்டாரு பாரு. இருபத்திரெண்டு வருசம் கூட இருந்தவளுக்கு அழுகையே வர மாட்டேங்கு உலகு. அந்தப் படத்தப் பாத்தா ஏசத்தான் வருது."

இதைவிடப் பொருத்தமான பழியை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதியிருக்க முடியாது. அம்மாவிடம் அவர் கொடுத்துவிட்டுப் போன கோபம் அப்படியே அவருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருந்தால் போதும்.

எழுந்திருக்க முடியவில்லை. இரக்கத்தால் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது இல்லை. அவர் செத்தது அஜாக்கிரதையால் என்றால் நான் செய்தது என்ன? அம்மா சாமிக்குக் கொடுத்துவிட்டாள். இந்த அக்கா அவருடைய திமிருக்குக் கொடுக்கிறார். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நான் செய்ததை ஆளாளுக்கு எடுத்துப் போகிறார்கள்.

"அவர்ட்ட நான் சொல்லலக்கா."

"என்னது?"

"சொன்னேன்னு ஹமீதாட்ட சொன்னது பொய். எல்லார்ட்டயும் சொன்னேன், அவர்ட்ட மட்டும் சொல்லல. அவரே எங்கிட்ட வந்து, ஊசி போடணுமான்னு கேட்டாரு. வேண்டாம்னேன். ஆவுடை எங்க அக்கா."

பகவதி அக்கா கையில் ஒரு நீலச் சட்டை. மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஒங்கிட்ட வந்து கேட்டாரா?"

"ஆமா."

"போடணுமான்னு கேட்டாரா? அப்போ நான் சொன்னது மனசுல இருந்திருக்கு."

அந்தச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். கத்தி அழுதார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, முகத்தைச் சட்டையிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"ஒங்கம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ சொல்லுதியா, நான் வந்து சொல்லட்டா?"


ஜூன் 14, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. காலையில் அம்மா பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குப் பச்சரிசி எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். முதல் போனிலிருந்து சட்டை மடித்தது வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். சாமி இல்லம்மா, நான்தான் என்றேன்.

கத்தரியைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். என்னை மெச்சுவாள் என்று எங்கோ ஓர் ஓரத்தில் நினைத்திருந்தேன் போல. அவள் உட்கார்ந்தபடியே கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். சுவரில் முதுகு முட்டும்வரை நகர்ந்தாள்.

"நான் வாயாலதானட்டி சொன்னேன்" என்றாள்.

நான் அதை வாயைத் திறக்காமலேயே செய்தேன்.